வலது காலின் பூட்டு

ஈரக் காலில் ஷூ சுலபத்தில் ஏறாது, ஐயா. ஓடிப் பழகாதவர்களுக்கு இது தெரியாது. காலைத் துடைத்துவிட்டுப் போடலாமே என்பார்கள். துடைத்துக்கொண்டு நின்றால் பந்தயம் முடிந்துவிடும். அதனால் ஷூவுக்குள் முதல் நாளே பவுடர் கொட்டி வைக்க வேண்டும். குழந்தைக்குப் போடுகிற பவுடரே போதும். குதிகால் பக்கம் விரல் மாட்டி இழுக்க ஒரு துணி வளையம் தைத்திருக்க வேண்டும். ஷூவின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, அதன் வாயைப் பிளந்து வைத்திருக்க வேண்டும். கயிற்றில் முடிச்சே இருக்கக் கூடாது. ஈரக் கையோடு முடிச்சுப் போட உட்காருகிறவன் பந்தயத்துக்கு வரவே வேண்டாம்.

நீங்கள் பூட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஷூவிலிருந்துதான் வர வேண்டும். நீயே எழுதிக் கொடு என்று தாள் தந்தீர்கள், சந்தோஷம். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். மெதுவாகத்தான் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

நானும் தம்பியும் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். எங்கள் கிடங்கில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. மூட்டை அவ்வளவு கனம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் தரையை விட்டு எழும். அதனால் காலையில் கேட்டருகே மேஸ்திரி ஆளைக் கூப்பிட மாட்டார், ஜோடியைத்தான் கூப்பிடுவார். ஜோடி ஒருமுறை சேர்ந்துவிட்டால் மாற்றுகிற பழக்கமும் இல்லை. ஒருவன் அடி வைப்பதற்குள் மற்றவன் அடி தானாக வர வேண்டும். அது பழக வருஷக்கணக்காகும். பழகாத ஆளோடு சாய்வுப் பலகையில் ஏறினால் இரண்டு பேருக்கும் இடுப்பு போகும். அதனால்தான் ஜோடி செத்தவனையோ, ஜோடி விட்டுப் போனவனையோ யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. அவனுக்கு எங்கள் இடத்தில் ஒத்தையன் என்று பேர்.

நான் ஒரு ஒத்தையனைப் பார்த்திருக்கிறேன். அவருடைய ஜோடி நுரையீரல் கெட்டுப்போய் இறந்துவிட்டான். இவர் தினமும் காலையில் வந்து கேட்டருகே குடிதண்ணீர்க் குழாய் பக்கம் நிற்பார். துவைத்த சட்டை, தோளில் மூட்டை இழுக்கிற கொக்கி. மேஸ்திரி ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டு முடித்ததும் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். தண்ணீர் குடிக்கத்தான் வந்தவர் மாதிரி. ஒருநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அது என்னைத் தொற்றிக்கொள்ளும் என்று ஒரு பயம்.

என் முழங்கால் கெட்டு நாளாகிவிட்டது. இது மேஸ்திரிக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் தம்பி. சாய்வுப் பலகையில் ஏறும்போது கனம் முழுக்கக் கீழே வருகிறவன் மேல்தான் விழும். முறைப்படி பாதி நாள் நான் கீழே, பாதி நாள் அவன் கீழே. அவன் என்னைக் கீழே விடவே மாட்டான்.

"நீ மேல போண்ணா. உன் முதுகைப் பாத்துக்கிட்டே வந்தாத்தான் எனக்குக் கனம் தெரியாது. அவ்ளோ அழகு."

இப்படித்தான் பேசுவான். பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறபோதும் ஏதாவது ஒரு கிண்டல். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், வாய் மட்டும் சிரிக்கும். அவனுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். அவன் கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு, அந்த வீட்டு முன்னறையில்தான் படுக்கை. எனக்கென்று வேறு யாரும் இல்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் கிரேன்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டாம், மூட்டைக்காரர்களிலேயே ஒருவனுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேனேஜர் ஓட்டப்பந்தயப் பைத்தியம். கிரேன் கூண்டு ஆகாசத்தில் தொங்குகிறது, அதில் உட்கார மூச்சும் வேண்டும், உயரத்துக்குப் பயப்படாத நெஞ்சும் வேண்டும் என்று ஒரு பந்தயம் வைத்தார். படகுகள் நிற்கிற தண்ணீரை நீந்திக் கடக்க வேண்டும். கரையேறி, ஷூ மாட்டி, துறைமேடை முழுக்க ஓட வேண்டும். பிறகு தானியக் கோபுரத்தின் வெளிப்பக்க இரும்புப் படியில் ஏறி, உச்சியில் இருக்கிற மணியை அடிக்க வேண்டும். மேடையெல்லாம் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் என்பதால் வெறுங்காலோடு ஓடினால் செல்லாது.

தம்பி பேர் கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன மாமா, நல்லா இல்லையா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"அவருக்கு வேற கவலை," என்றான் தம்பி. "நான் கூண்டுல ஏறிட்டா இவரு ஒத்தையன் ஆயிடுவாராம். நான் விட்டுடுவேனாண்ணா? மேனேஜர்கிட்ட பேசி கேட்டுல ஒரு நாற்காலி போட்டு உன்னை உக்கார வைக்கிறேன். வர்ற லாரி போற லாரிக்கெல்லாம் சல்யூட் அடி. நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். தூங்கினா மூட்டையைத் தலையில இறக்கிடுவேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்லத்தான் செய்வார்கள். மேலே போனவனுக்குக் கீழே நிற்கிறவன் எவ்வளவு சின்னதாகத் தெரிவான் என்று நான் அந்தக் கோபுரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஷூ வேலையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீச்சலில் அவனுக்கும் நெட்டையனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெட்டையன் என்பது நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஆள்தான். ஓட்டத்தில் தம்பி கை ஓங்கியிருந்தது. ஷூ மாட்டுகிற இடத்தில்தான் அவன் கோட்டை விட்டான். கரையேறி உட்கார்ந்து, ஈர விரலால் கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு எழுந்திருப்பதற்குள் நெட்டையன் பாதி மேடையைத் தாண்டிவிடுவான். போதாததற்கு, அவசரத்தில் போட்ட முடிச்சு வழியிலேயே அவிழும்.

அதனால் கயிற்றை உருவி எறிந்துவிட்டு எலாஸ்டிக் கயிறு கோத்தேன். எல்லா ஓட்டையிலும் ஒரே இழுப்பாகக் கோக்கக் கூடாது. விரல் பக்கம் தளர்வாக விட வேண்டும், மேலே போகப் போக இறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஓரமாக ஓர் ஓட்டை இருக்கும், யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னதாக ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் பின்னால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். படியில் ஏறும்போது உடம்புக் கனம் முழுக்க முன்பாதத்தில் நிற்கும். குதிகால் கழலப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது அந்த வளையம்தான்.

முடிச்சுக்குப் பதில் பூட்டு. மழைக்கோட்டுத் தொப்பிக் கயிற்றில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்குமே, அமுக்கினால் விடும், கையை எடுத்தால் பிடித்துக்கொள்ளும், அதுதான். பழைய கோட்டு இரண்டிலிருந்து எடுத்தேன். காலை நுழை, பின்வளையத்தை இழு, பூட்டைக் கீழே தள்ளு, ஓடு. உட்காரக்கூட வேண்டாம்.

தம்பி மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பின்வளையத்தை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். முற்றத்தில் வாளித் தண்ணீரை அவன் காலில் கொட்டி, அவளே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்? இதுக்குள்ள நான் ஒரு ஜாக்கெட்டே தைச்சிடுவேன்."

"கால் என்னுது, கடிகாரம் உன்னுது. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்து உனக்கே வச்சுட்டாங்க."

"மாமா, உங்க தம்பிக்கு வாய்க்கும் ஒரு பூட்டு வாங்குங்க."

அப்படி ஒரு மாதம் போலப் பழகினோம். நாளாக ஆக அவன் உட்காருவதை விட்டான், குனிவதைக் குறைத்தான். கடைசியில் இரண்டு மூச்சு இழுத்து விடுவதற்குள் இரண்டு ஷூவும் காலில் இருக்கும். கிடங்கில் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நெட்டையன் ஒருநாள் டீ குடிக்கிற இடத்தில் என்னிடம் வந்தான்.

"என்னண்ணே, தம்பிக்கு ஷூ மாட்ட ஒரு ஆளு, மூக்கு சிந்திவிட ஒரு ஆளா?"

"உனக்கும் வேணும்னா சொல்லு," என்றான் தம்பி. "அண்ணனுக்கு மனசு பெருசு. ஆனா உன் மூக்குக்கு ரெண்டு ஆளு வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையனும் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, ஐயா. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவன் ஜெயிக்கப்போகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜெயிக்க வைத்தவன் நான்தான் என்பதும் தெரிந்தது. ராத்திரி படுத்தால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டு வருவேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்.

அவன் தோற்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு ஷூ கொஞ்சம் கழன்றால் போதும். நெட்டையன் மணியை அடிப்பான், மறுநாள் காலையில் மேஸ்திரி எங்களை ஜோடியாகக் கூப்பிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லாத விஷயம்.

அந்தப் பூட்டைப் பிரிப்பது சுலபம். கயிற்றை உருவிவிட்டால் பொத்தான் தானாக வெளியே வரும். உள்ளே ஒரு கட்டையான ஸ்பிரிங் இருக்கும். கயிற்றைக் கடித்துப் பிடிப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய ஸ்பிரிங் போட்டேன். நீங்கள் பிரித்துப் பார்த்து அதிசயப்பட்டது அதைத்தான். அது பேனா ஸ்பிரிங். தலையை அமுக்கினால் முனை வருமே, அந்தப் பேனா. தம்பி மனைவி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வாங்கித் தந்தது. சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டு அவள்தான் எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். அவள் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஸ்பிரிங்கை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே பிடித்தது. பிறகு கொஞ்சம் வெட்டினேன். இன்னும் கொஞ்சம் வெட்டினேன். வெட்ட வெட்ட என் காலிலேயே மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். அதிகம் வெட்டினால் சமதளத்திலேயே விட்டுவிடும். அப்படி விட்டால் பிரயோஜனம் இல்லை. துறைமேடையில் கழன்றால் தம்பிக்கு உடனே தெரிந்துவிடும். குனிவான், பூட்டைத் தள்ளுவான், மறுபடி ஓடுவான். அப்படி இரண்டு தடவை குனிந்தாலும் அவன்தான் ஜெயிப்பான். அந்த அளவுக்கு அவன் வேகம். அதனால் சமதளத்தில் பிடிக்க வேண்டும், படியில் விட வேண்டும். மேல் ஓட்டை வளையத்தையும் லேசாகத் தளர்த்தி, கயிற்றில் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவினேன். பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். பாதிப் படி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் குதிகால் மெல்ல எழும்பியது. முழங்கால் வலித்தது, ஆனால் வேலை சரியாக வந்திருந்தது. கைவேலை சரியாக வந்தால் ஒரு நிம்மதி வருமே, அது எனக்கும் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஏன் வலது கால் என்று கேட்டீர்கள். அவன் எப்போதும் இடதை முதலில் மாட்டுவான். வலதை மாட்டும்போது ஏற்கெனவே எழுந்து ஓட ஆரம்பித்திருப்பான். அந்த அவசரத்தில் பூட்டின் இறுக்கம் அவனுக்குத் தெரியாது.

படியில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். யோசித்ததால்தான் மேஸ்திரியிடம் போனேன். படி திரும்புகிற ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆளை நிறுத்துவதாக இருந்தார்கள். எனக்கு மேல்தட்டைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அங்கே கைப்பிடிக் கம்பியில் மேல்வரிசை மட்டும்தான் இருக்கும். கீழ்வரிசை துருப்பிடித்து விழுந்து, அதற்குப் பதில் ஒரு சங்கிலியைக் கட்டிவிட்டிருந்தார்கள். தம்பி தடுமாறினால் பிடிக்க நம்பிக்கையான ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும். என்னைவிட நம்பிக்கையான ஆள் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

பந்தயத்தன்று கரைப்படியில் ஷூவை வைத்தேன். நாக்கை இழுத்துவிட்டேன். பவுடர் போட்டேன். அவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினான்.

"கட்டு சரியா இருக்காண்ணா?"

"சரியா இருக்குடா."

"அப்ப மேல வா, மணி அடிக்கிறப்ப பக்கத்துல இரு. நீ இல்லாம அடிச்சா சத்தம் நல்லா இருக்காது."

நான் சாமான் லிஃப்டில் மேலே போய் என் தட்டில் நின்றேன். என் கைகள் இரண்டும் ஜில்லென்று ஆகிவிட்டன. கம்பியைப் பிடித்தால் கம்பி சூடாகத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர், படகு, மனிதர்கள் எல்லாம் கைக்குள் அடங்குகிற அளவு. இரண்டு தலை தண்ணீரில் முன்னால் வந்தது. கரையேறினார்கள். தம்பி குனிந்த மாதிரியே தெரியவில்லை. ஓடிக்கொண்டே வலதை மாட்டினான். கீழே கூட்டம் கத்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒருவன் ஷூ மாட்டி நான் பார்த்ததில்லை.

இரும்புப் படி அதிர ஆரம்பித்தது. கம்பி வலைப் படி என்பதால் கீழேயிருந்து ஏறி வருகிறவன் தலை தெரியும். முதல் தட்டு, இரண்டாவது தட்டு. அவன் வருகிற சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது. பிறகு அந்தத் தாளம் பிசகியது. வலது கால் படியில் பட்டென்று தட்டியது, ஷூ ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். அவன் நிற்கவில்லை. நிற்பான் என்றுதான் நான் நினைத்தேன். எவனாக இருந்தாலும் நிற்பான். அவன் ஷூவை இழுத்துக்கொண்டே ஏறினான். மேல்தட்டில் திரும்பும்போது ஷூ காலுக்கு அடியில் மடிந்தது. இடுப்பு மேல்கம்பிக்கு அடியில் சரிந்து சங்கிலியில் மோதியது. சங்கிலி அறுந்தது.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் விழுந்துவிட்டான், அண்ணன் கை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். நெட்டையன் அப்போது கீழ்ப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். கூட்டம் தூரத்துக் கரையில் நின்றது, கீழ்த்தட்டு ஆட்களின் கண் நெட்டையன் மேலேயே இருந்தது. விபத்து என்று முடித்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் மூட்டை தூக்க வேண்டாம், கேட்டில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். "உன் தம்பி பேர் கொடுத்த அன்னிக்கே இதை என்கிட்ட கேட்டு வாங்கிட்டான்," என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். நாற்காலி நல்ல நாற்காலி. கைப்பிடி உண்டு.

நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது லாரிகளை இல்லை, தண்ணீரை. அந்த ஷூ அதற்குள்தான் கிடந்தது. படகு நகரும்போதெல்லாம் தண்ணீர் கலங்கும். ஏதாவது கறுப்பாக மேலே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். பெரும்பாலும் அது ஒரு மரத்துண்டாக இருக்கும். சேறு அள்ளுகிற படகு வந்தபோது ஷூ அகப்பட்டது. நீங்கள் பூட்டைப் பிரித்தீர்கள். பந்தயத்தன்று கரைப்படியில் ஷூக்கள் பக்கம் நின்றவன் என்று நெட்டையனைப் பிடித்தீர்கள். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள்.

தம்பி மனைவியும் அதைத்தான் கேட்டாள். "நீங்க பாத்ததைப் பாத்தபடி சொல்லுங்க மாமா, போதும்." சொல்கிறேன் என்றேன். சொல்லியும் இருப்பேன். நெட்டையனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக நான் இங்கே வரவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை.

நேற்று சாயங்காலம் அவள் உங்களுக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தாள். என் பேனாவை எடுத்தாள். தலையை அமுக்கினாள். முனை வரவில்லை. மறுபடி அமுக்கினாள். கழற்றிப் பார்த்தாள். உள்ளே மை குச்சி மட்டும் இருந்தது. பூட்டுக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் முன்னறையில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனாவைத் திரும்ப மூடி, அதன் இடத்தில் வைத்தாள். பிறகு எழுந்து போய் எனக்குத் தட்டு வைத்தாள். தினமும் வைப்பது போலவே வைத்தாள். தண்ணீரும் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா. ஆறிடும்."

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அரிவாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன். அவள் அப்படித் தட்டை வைத்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுத்து அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவளும் தம்பியும் ஒரே மாதிரி மனிதர்கள். அது வருவதற்குள் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் இங்கே வந்துவிட்டேன். இதற்கு மேல் அந்த வீட்டுக்கு என்னை அனுப்பாதீர்கள்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டு, பதில் வராமல் விட்டுவிட்டீர்கள். உடம்பு துறைமேடையில் விழுந்திருக்கிறது, ஷூ மட்டும் எப்படி அவ்வளவு தள்ளித் தண்ணீரில் விழுந்தது என்று கேட்டீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் அவனைப் பிடித்துவிட்டேன், ஐயா. நான் நினைத்தபடியே நடந்தது. சங்கிலி அறுந்து அவன் இடுப்பு வரைக்கும் வெளியே போகும்போதே நான் விழுந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். என் நெஞ்சு கம்பி வலையில் அழுந்தியது. மூட்டை தூக்கிய கை, லேசில் விடாது. அவன் முகம் தட்டின் விளிம்புக்கு நேராக இருந்தது. கீழே அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பயப்படவில்லை. பிடித்திருப்பது நான் என்று அவனுக்குத் தெரியும்.

"விட்டுடாதண்ணா," என்றான். சிரிக்கக்கூடப் பார்த்தான்.

அந்த ஷூ கழன்று தட்டின் மேலேயே கிடந்தது, அவன் கண்ணுக்கு நேரே. பூட்டு கயிற்றின் கடைசி வரைக்கும் வழுக்கிப் போயிருந்தது. பொத்தான் உயிரில்லாமல் உள்ளே கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். "எப்படிண்ணா விட்டுச்சு, நேத்து நல்லாத்தான இருந்துச்சு," என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் பேச்சு நின்றுவிட்டது. படியில் நெட்டையன் வருகிற அதிர்வு என் நெஞ்சில் தெரிந்தது.

"சரிண்ணா," என்றான். "பரவால்ல. மேல தூக்கு."

தூக்கினால் அவன் அதோடு மறந்துவிடுவான், ஐயா. யாரிடமும் சொல்ல மாட்டான். மறுநாள் என்னோடு வந்து கேட்டில் நிற்பான், பலகையில் கனத்தை வாங்கிக்கொள்வான், என் முதுகைப் பார்த்துக் கிண்டல் பண்ணுவான். ஒவ்வொரு நாளும் என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான். நான் சாகிற வரைக்கும் அந்தப் பரவால்லையோடு அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். எனக்கு வந்த பயத்தை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்கு எழுத்துப் போதாது.

பிறகு ஷூவைக் காலால் ஓங்கித் தள்ளினேன். அது தூரத்தில் போய்த் தண்ணீரில் விழுந்தது. அதன் பிறகுதான் கத்தினேன்.

நெட்டையனை அனுப்பிவிடுங்கள். நான் எழுதியது எல்லாம் நிஜம், கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் சுத்தமாகத் திருப்பி எழுதும்போது, தன் தம்பியை இவனே தள்ளினான் என்று எழுதிவிடாதீர்கள். கூடப் பிறந்தவனைத் தள்ளுகிற ஆள் இல்லை நான். பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.